கம்போடியாவுக்கு வாலண்டியரா போன கதை: பி.சி.சி.ல ஆரம்பிச்சு பணியாரம் வரைக்கும்

2023 தீபாவளி முடிஞ்சு வேலைய விட்டேன், புது கம்பெனில மே மாசம்தான் ஜாயினிங், நடுவுல கிடைச்ச மாசங்கள்ல எங்கயாச்சும் போகணும், சும்மா ஊர் சுத்தாம ஏதாச்சும் உருப்படியாவும் செய்யணும்னு தோணுச்சு. அம்மாகிட்ட சொன்னப்ப "ஏங்கண்ணு, நம்மூர்ல இல்லாத பிள்ளைகளா, அதுக்கு எதுக்கு பிளேன் ஏறணும்"னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். உண்மைய சொல்லணும்னா எனக்கு அங்கோர் வாட் பாக்கணும், அதான் முதல் காரணம். பிள்ளைகளுக்கு உதவி பண்றதுக்காக மட்டுமே போனேன்னு சொன்னா அது பச்சைப் பொய்.

நெட்ல தேடினா கொட்டுது. முதல்ல பாத்த ஏஜென்சி நாலு வாரத்துக்கு 1,400 டாலர் கேட்டாங்க, தங்குறது சாப்பாடு எல்லாம் சேத்து. நான் யாரு, என்ன படிச்சேன், எதுவும் கேக்கல, கார்டு நம்பர் போட்டா போதும். இன்னொரு இடம் அனாதை இல்லம், "எந்த நாள் வேணாலும் வாங்க, பசங்க டான்ஸ் ஆடி வரவேற்பாங்க"ன்னு போட்டோவோட மெயில் அனுப்பினாங்க. அந்த மெயிலப் படிச்சதும் வயித்துல என்னமோ பண்ணுச்சு. முன்ன பின்ன தெரியாத ஒருத்தி வர்றா, அவளுக்காக பிள்ளைக டான்ஸ் ஆடணுமா?

அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். கம்போடியாவுல இது பெரிய பிரச்சனை. 2011ல அந்த நாட்டு அரசும் யுனிசெஃபும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, இல்லங்கள்ல இருக்குற பிள்ளைகள்ல நாலுல மூணு பேருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோட இருக்காங்கன்னு அதுல வந்துச்சு. வெளிநாட்டுக்காரங்க வர வர இல்லங்கள் கூடுது, இல்லங்கள் கூட கூட, அங்க விட்டா படிப்பும் சோறும் கிடைக்கும்னு நம்பி ஏழை வீடுகள்ல இருந்து பிள்ளைகள அனுப்புறாங்க. அங்கோர் வாட் பக்கத்து ஊரான சியம் ரீப் போனப்புறம் "பிள்ளைகள் சுற்றுலா காட்சிப் பொருள் இல்ல"ங்கிற போஸ்டர நானே கண்ணால பாத்தேன், சைல்ட்சேஃப்ங்கிற அமைப்போடது. எவ்வளவு சுலபமா உள்ள விடுறாங்களோ அவ்வளவு தூரம் ஒதுங்கி நில்லுங்க, இத மட்டும் ஆரம்பத்துலயே சொல்லிடுறேன்.

கடைசில நான் போன இடம் சியம் ரீப் டவுனுக்கு வெளிய ஒரு கிராமத்துல இருக்குற டியூஷன் சென்டர் மாதிரி. இல்லம் கிடையாது, பசங்க அவங்கவங்க வீட்டுலதான் இருக்காங்க. அங்க அரசு பள்ளிக்கூடம் ரெண்டு ஷிஃப்ட், காலைல ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். மிச்ச அரை நாள் பிள்ளைக தெருவுலயோ வேலைக்கோ போயிடாம இந்த சென்டருக்கு வரும். நான் போனப்ப பாதிப் பிள்ளைகளுக்கு அம்மா அப்பா தாய்லாந்துல கட்டட வேலைல இருந்தாங்க, வளத்தது பாட்டி. நிறைய வீட்டுல மைக்ரோ ஃபைனான்ஸ் கடன். நம்ம ஊர் சுய உதவிக் குழு லோன் கதைய கேட்டவங்களுக்கு விளக்கமே தேவையில்ல.

இவங்க என்னைய படுத்துன பாடு இருக்கே! ஆறு பக்கம் அப்ளிகேஷன், ரெண்டு பேர் ரெஃபரன்ஸ், என் பழைய மேனேஜருக்கு நிஜமாவே போன் பண்ணிப் பேசினாங்க. குறைஞ்சது மூணு மாசம் இருக்கணும்னு கண்டிஷன். வீடியோ கால்ல "எங்க ஆளுங்களால செய்ய முடியாத எத நீ செய்வ"ன்னு கேட்டாங்க. பசங்களுக்கு இங்கிலீஷ் சொல்லித் தரேன்னு ஜம்பமா சொன்னேன். "அதுக்கு எங்க டீச்சருங்க இருக்காங்க, உனக்கு எக்செல் தெரியுமா?" அவ்வளவுதான், காத்து போன பலூன் மாதிரி ஆயிட்டேன். ஆனா எக்செல் தெரியும்.

அடுத்து பி.சி.சி., அதாவது நம்ம மேல வழக்கு எதுவும் இல்லன்னு போலீஸ் தர்ற சான்று. பாஸ்போர்ட் சேவா சைட்லயே அப்ளை பண்ணலாம், ஃபீஸ் 500 ரூபா, எந்த நாட்டுக்குன்னு குறிப்பிடணும். அங்கதான் வேடிக்கை. கம்போடியான்னு பாத்ததும் விசாரிக்க வந்த போலீஸ்காரர் நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். "ஏம்மா, டேட்டா என்ட்ரி வேலைன்னு யாராச்சும் சொன்னாங்களா? ஏஜெண்டுக்கு காசு கட்டுனியா?" அந்த சமயத்துல நம்ம பசங்கள வேலைன்னு சொல்லி கூட்டிட்டுப் போய் ஆன்லைன் மோசடி கும்பல்ல அடைச்சு வைக்கிற கதை பேப்பர்ல அடிக்கடி வந்துட்டு இருந்துச்சு, அவர் கேட்டதுல தப்பே இல்ல. சென்டர் அனுப்புன லெட்டர், ரிட்டர்ன் டிக்கெட் எல்லாம் காட்டினேன், பாத்துட்டு "போன உடனே வீட்டுக்கு லொகேஷன் அனுப்பு"ன்னு சொல்லிட்டுப் போனார். ஏர்போர்ட் இமிக்ரேஷன்லயும் இதே கேள்விகள், ஒரு கால் மணி நேரம். அதனால யாராச்சும் போறீங்கன்னா அழைப்புக் கடிதம், ரிட்டர்ன் டிக்கெட், தங்குற இடத்து அட்ரஸ், மூணையும் பிரிண்ட் எடுத்து கைல வச்சுக்கோங்க, போன்ல இருக்குன்னு நிக்காதீங்க.

ஊசி: டைஃபாய்டு, ஹெபடைடிஸ் ஏ, டெட்டனஸ், நாய்க்கடிக்கு முன்கூட்டியே போடுற ஊசி ரெண்டு டோஸ் ஒரு வாரம் இடைவெளில. விசா டூரிஸ்ட்ல போகாதீங்க, அங்க ஆர்டினரி விசான்னு ஒண்ணு இருக்கு, ஈ வகை, இறங்குன இடத்துல 35 டாலர். அப்புறம் சென்டர் லெட்டர வச்சு நீட்டிக்கலாம், எனக்கு லோக்கல் ஏஜெண்ட் மூலமா சென்டரே பாத்துக்கிச்சு. இன்னொண்ணு, டாலர் நோட்டு கொண்டு போறப்ப ஒவ்வொண்ணா செக் பண்ணி வாங்குங்க. ஓரத்துல துளி கிழிஞ்சிருந்தா கூட அங்க ஒருத்தரும் வாங்க மாட்டாங்க, என் ஒரு இருபது டாலர் நோட்டு போன மாதிரியே திரும்பி ஊருக்கு வந்துச்சு. சில்லறை மட்டும் அவங்க காசு ரியல்ல தருவாங்க, டாலருக்கு சுமாரா 4,000 ரியல்.

ஜனவரி நடுவுல, பொங்கல் முடிஞ்ச கையோட, கோலாலம்பூர் வழியா போய் இறங்கினேன். புது ஏர்போர்ட், 2023 அக்டோபர்லதான் திறந்தாங்க, பழசு டவுன் பக்கத்துலயே இருந்துச்சாம், இது ஒரு மணி நேர தூரம். மாசம் 150 டாலருக்கு ஒரு ரூம், வாடகை சைக்கிள் ஒண்ணு.

முதல் மூணு வாரம் என்னைய பசங்களோட தனியா விடவே இல்ல. கடைசி பெஞ்சுல உக்காந்து அங்க டீச்சர் எடுக்குறத பாக்கணும், சாயங்காலம் வருகைப் பதிவ எக்செல்ல ஏத்தணும். முதல்ல கடுப்பா இருந்துச்சு. அப்புறம்தான் அந்த டீச்சர் என்ன பண்றாங்கன்னு கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. எந்தப் பிள்ளை காலைல சாப்பிடாம வந்திருக்கு, யாரோட பாட்டிக்கு உடம்பு சரியில்ல, எல்லாம் அவங்க மூஞ்சப் பாத்தே சொல்லிடுவாங்க. அந்த மொழி தெரியாம வந்த நான் இதுல எத செஞ்சு கிழிச்சிருக்கப் போறேன்?

முதல் நாளே ஒரு ஏழு வயசுப் பொண்ணு கிட்ட வந்து ஏதோ கேட்டுச்சு. டீச்சர் சிரிச்சுக்கிட்டே, "நீ எப்ப போவன்னு கேக்குறா"ன்னாங்க. பேர் கேக்கல, ஊர் கேக்கல. ஏப்ரல்லன்னு சொன்னேன், சரின்னு போயிடுச்சு.

தெரியாம நிறைய பண்ணினேன். நம்ம ஊர் பழக்கத்துல நல்லா எழுதுன பையன் தலைய தடவிக் குடுத்துட்டேன், அங்க தலை புனிதம், அடுத்தவங்க தொடுறது மரியாதை இல்ல, டீச்சர் அப்புறமா தனியா கூப்பிட்டு மெதுவா சொன்னாங்க. அதே மாதிரி நம்ம ஆளுங்க சரிங்கிறதுக்கு தலைய ரெண்டு பக்கமும் ஆட்டுவோமே, அது பசங்களுக்கு வேணாம்னு தெரியுது. "முடிச்சுட்டேன்"னு ஒவ்வொருத்தனா நோட்ட கொண்டு வந்து காட்ட, நான் தலைய ஆட்ட, பாவம், அழிச்சு அழிச்சு திரும்ப எழுதினானுங்க.

ஆனா மொழில அங்கங்க நம்ம வாடை அடிக்கும். டீச்சர்னா "க்ரூ", நம்ம குரு. பாட்டி "யாய்", தாத்தா வெறும் "தா". அவங்க மொழி பேரு கெமர், அதோட எழுத்து பல்லவர் எழுத்துல இருந்து வந்தது, சுவத்துல ஒட்டியிருந்த எழுத்துச் சார்ட்டும் க-ல ஆரம்பிச்சு ங-ல முதல் வரிசைய முடிக்குது, அத பாத்து நான் குதிச்சத பசங்க புரியாம பாத்துச்சுங்க. அண்ணன், அக்கா ரெண்டுக்கும் "பொங்". எல்லாப் பிள்ளைகளும் என்னைய "பொங், பொங்"னு கூப்பிட, முதல் வாரம் முழுக்க எனக்கு "போங்க, போங்க"ன்னே காதுல விழுந்துச்சு.

நாலாவது வாரத்துல இருந்து டீச்சருக்கு உதவியா கணக்கு. அவங்க எண்ணுற விதம் தனி: மூய், பீ, பெய், புவோன், ப்ராம், அவ்வளவுதான், ஆறுக்கு தனிப் பேர் கிடையாது, ப்ராம்-மூய், அதாவது அஞ்சும் ஒண்ணும். ஏழு அஞ்சும் ரெண்டும். இதனால கூட்டல் பிள்ளைகளுக்கு விரல்லயே ஒட்டிக்கிட்டு வருது. நான் ஊர்ல இருந்து தயார் பண்ணிட்டுப் போன ஒர்க்‌ஷீட் பத்து பத்தா இருந்துச்சு, டீச்சர் பாத்துட்டு அஞ்சு அஞ்சா மாத்தச் சொன்னாங்க, மாத்துனதும் பிச்சிக்கிட்டு போச்சு. என்னால உருப்படியா ஆனதுன்னு சொன்னா அந்த ஷீட்டுகளும் வருகைப் பதிவு எக்செலும்தான். எக்செல்ல ஒரு ஃபார்முலா போட்டு மூணு நாள் தொடர்ந்து வராத பிள்ளை பேர் சிவப்பாகுற மாதிரி செஞ்சேன், டீச்சருங்க அத வச்சு வீட்டுக்குப் போய்ப் பாக்க ஆரம்பிச்சாங்க.

சனி ஞாயிறு ஊர் சுத்தல். அங்கோர் டிக்கெட் ஒரு நாளுக்கு 37 டாலர், மூணு நாள் 62, ஏழு நாள் 72. ஏழு நாள் டிக்கெட்ட ஒரு மாசத்துக்குள்ள எந்த ஏழு நாள் வேணாலும் பயன்படுத்தலாம், வார லீவு மட்டும் இருக்குறவங்களுக்கு அதான் லாபம். நான் மார்ச்ல வாங்கினேன், காரணம் மார்ச் 21 வாக்குல அங்கோர் வாட்டோட நடுக் கோபுரத்து உச்சில சரியா சூரியன் ஏறும். அஞ்சு மணிக்கு கேட் திறக்குறப்பவே திருவிழாக் கூட்டம், எனக்கு முன்னாடி நின்னவர் தூக்கிப் பிடிச்ச செல்போன் ஸ்கிரீன்லதான் பாதி சூரியோதயம் பாத்தேன்.

மனசுல நின்னது பந்தேய் ஸ்ரீதான். சின்னக் கோவில், சிவன் கோவில், 967ல கட்டி முடிச்சது, செக்கச் செவேல்னு கல்லு. ராவணன் கைலாசத்த ஆட்டுற சிற்பத்த என்னைய டுக்-டுக்ல, அதான் அவங்க ஊர் ஆட்டோல, கூட்டிட்டுப் போன அண்ணனே காட்டினார். கிழக்கு கோபுரத்துல ஆடுற சிவன், அவர் காலடில எலும்பும் தோலுமா ஒரு பொம்பளை உக்காந்திருக்கா, அது நம்ம காரைக்கால் அம்மையார்னுதான் அறிஞர்கள் சொல்றாங்க. பேயுருவா தலையால நடந்து கைலாசம் போன அம்மா கம்போடியா வரைக்கும் வந்து உக்காந்திருக்காங்க, என்னைய மாதிரி பி.சி.சி. எல்லாம் கேட்டிருக்க மாட்டாங்க.

பிப்ரவரில ஒரு நாலு நாள் லீவு போட்டு தலைநகரம் நோம் பென், அப்புறம் கம்போட்ங்கிற ஊர். நோம் பென்ல துவோல் ஸ்லெங் போனேன், பள்ளிக்கூடமா இருந்த கட்டடத்த 1975-79ல கெமர் ரூஜ்ங்கிற கம்யூனிஸ்ட் இயக்கத்தோட ஆட்சில ஜெயிலாக்கி சித்ரவதை பண்ணின இடம். கரும்பலகை இன்னும் சில ரூம்ல அப்படியே இருக்கு. வெளிய வந்து ரொம்ப நேரம் பெஞ்சுல உக்காந்திருந்தேன். அந்தக் காலத்துல டீச்சருங்களையும் படிச்சவங்களையும் தேடித் தேடி கொன்னிருக்காங்க, அதுக்கப்புறம் ஒரு நாடே பள்ளிக்கூடத்த முதல்ல இருந்து கட்ட வேண்டியதாப் போச்சு. எங்க சென்டர் டீச்சரோட அம்மாவும் அதுல தப்பிச்சவங்கன்னு, நான் திரும்பி வந்து இத அவங்ககிட்ட சொன்னப்பதான் தெரிஞ்சுச்சு. ஒரு மாசமா பக்கத்துல உக்காந்திருக்கேன், அதுவரைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்ல.

சாப்பாடு பத்தி ரெண்டு வார்த்தை. ப்ரஹொக்னு ஒரு புளிக்க வச்ச மீன், எல்லாத்துலயும் போடுவாங்க, கருவாடு பிடிக்கும்னா சமாளிச்சுடலாம், சைவம்னா ரொம்ப கஷ்டம். மார்க்கெட்ல குழிக் குழியா இருக்குற சட்டில அரிசி மாவும் தேங்காப்பாலும் ஊத்தி "நோம் க்ரொக்"னு சுட்டுத் தர்றாங்க, அப்படியே நம்ம பணியாரக்கல்லு! அந்தக் கடைப் பாட்டிகிட்ட எங்க வீட்டுப் பணியாரக்கல் போட்டோவ காட்டினேன், அன்னைக்கு ரெண்டு எக்ஸ்ட்ரா கிடைச்சுது. மொத்தச் செலவு டிக்கெட், ஊசி, ரூம், ஊர் சுத்தல் எல்லாம் சேத்து ஒண்ணே முக்கால் லட்சம் ஆச்சு.

கிளம்புறது ஏப்ரல் 12. அவங்க புத்தாண்டும் நம்ம சித்திரையும் ஒரே சமயம், அதனால 11ஆம் தேதி சென்டர்லயே விழா, துண்ட முடிச்சு பந்தாக்கி எறிஞ்சு விளையாடுற விளையாட்டு, எல்லாரு மூஞ்சிலயும் பவுடர். பிரியாவிடைன்னு பெருசா எதுவும் வேணாம், பிள்ளைகள அழ வைக்கக் கூடாதுன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, ரெண்டு வாரமா போர்டுல நாளக் குறைச்சுக் குறைச்சு எழுதி பழக்கிட்டாங்க. நான்தான் பாத்ரூம்ல போய் அழுதேன், அது வேற விஷயம்.

அந்த ஏழு வயசுப் பொண்ணு மூஞ்சி முழுக்க வெள்ளையா வந்து டீச்சர்கிட்ட ஏதோ கேட்டுச்சு. என்னவாம்னேன். "அடுத்த பொங் எந்த ஊர்ல இருந்து வருவான்னு கேக்குறா." நீங்க என்ன சொன்னீங்கன்னேன். "யாரும் வரல, கணக்கும் இனி நான்தான்னு சொன்னேன்." அந்தப் பொண்ணு என்னைய ஒரு பார்வை பாத்துச்சு, நான் ஆட்டுற மாதிரியே தலைய ரெண்டு பக்கமும் ஆட்டிட்டு, பவுடர் டப்பாவ தூக்கிக்கிட்டு ஓடிடுச்சு.