சாவியை அழுத்தினால்தான் ஹாரன் அடித்தது

ஐப்பசி மழையில் கும்பகோணத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவில் பின்னால் வந்த லாரி மயிரிழையில் என்னை ஒட்டி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "பிரேக் லைட்டே எரியலயே தம்பி, எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பார்த்தால், ஹாரனும் இல்லை, இண்டிகேட்டரும் இல்லை. ஆனால் வண்டி ஓடுகிறது, ஹெட்லைட் எரிகிறது.

அப்பா வாங்கிய பழைய 100 சிசி வண்டி. கிக்கர் மட்டும்தான். இந்த மாதிரி வண்டியில் ஸ்பார்க்குக்கும் ஹெட்லைட்டுக்கும் வேண்டிய கரண்ட், இன்ஜின் சுற்றும்போது கரண்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்தே வந்துவிடும். ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், நியூட்ரல் லைட் இவற்றுக்குத்தான் பேட்டரி. மெக்கானிக் அண்ணன் "பேட்டரி போயிருச்சு தம்பி" என்று புதுசு போட்டார். இரண்டு நாள் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் அதே கதை. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன்: சாவியைக் கட்டைவிரலால் கீழே அழுத்தினால் ஹாரன் அடித்தது, விட்டால் நின்றது.

பத்தாம் நம்பர் ஸ்பானரால் ஹெட்லைட்டைக் கழற்றி, சாவி சுவிட்சிலிருந்து வரும் கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளக்) தேடி எடுத்தேன். நான்கு ஒயர். சிவப்பில் பேட்டரி கரண்ட் உள்ளே வருகிறது. சாவியை ஆன் செய்தால் கறுப்பு வழியாக வெளியே போகிறது. கறுப்பு-வெள்ளைக் கோடு போட்ட ஒயரும் பச்சையும் ஆஃப் நிலையில் ஒன்றுசேரும். ஸ்பார்க்குக்குப் போகும் கரண்ட் எர்த்தாகி இன்ஜின் நிற்பது அதனால்தான். (கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், உங்கள் வண்டியின் ஒயரிங் படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)

கப்ளரைப் பிரித்து, சாவியை ஆன் செய்து, இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலையில் மல்டிமீட்டரைச் சிவப்புக்கும் கறுப்புக்கும் வைத்தேன். "பீப்" என்றது. சுவிட்ச் நல்லாத்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தேன். அது தப்பு. மீட்டர் அனுப்புவது துளிக் கரண்ட். சுவிட்சுக்குள் ஒன்றையொன்று தொடும் காண்டாக்ட் பாதி தேய்ந்திருந்தாலும் அது போய்விடும், பீப் அடித்துவிடும். ஹாரன் கேட்பது சுமார் 2 ஆம்பியர். அது அந்தக் கருகின காண்டாக்ட் வழியாகப் போகாது.

சரியான சோதனை, லோடு கொடுத்து, அதாவது ஹாரனை இயக்கிக்கொண்டே அளந்து பார்ப்பது. கப்ளரை மறுபடி மாட்டி, பின்பக்கமாக மீட்டர் கம்பியை நுழைத்து அளந்தேன். சிவப்பில் 12.5 வோல்ட். கறுப்பிலும் 12.5. ஹாரன் பட்டனை அழுத்தினேன்: கறுப்பில் 8-க்கு விழுந்தது, சிவப்பில் அசையவில்லை. நடுவில் 4 வோல்ட்டுக்கு மேல் சுவிட்சே விழுங்கிவிடுகிறது! நல்ல சுவிட்சில் இது 0.2-ஐத் தாண்டக் கூடாது. சந்தேகம் தீர, ஃபியூஸ் வைத்த சின்ன ஒயரால் சிவப்பையும் கறுப்பையும் நேராக இணைத்தேன். ஹாரன் தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அடித்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு சுவிட்சை இறக்கினேன். அடித்தட்டைத் திறந்ததும் எல்லாம் தெரிந்தது. மழைத் தண்ணீர் சாவித்துளை வழியாக இறங்கி, செம்புத் தகட்டில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஒரு காண்டாக்ட் கறுத்துப் பள்ளம் விழுந்து, சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் கொஞ்ச நாள் ஓடும் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. லாரி நின்ற இடம் கண்ணுக்குள்ளேயே இருந்தது.

கடையில் முழு லாக் செட்டை எடுத்து வைத்தார்கள். பெட்ரோல் டேங்க் மூடியிலிருந்து எல்லாம் மாற்ற வேண்டும். இந்த மாடலுக்கு அடிப்பக்கக் காண்டாக்ட் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன், கிடைத்தது. பழைய பூட்டு, பழைய சாவி அப்படியே. மாட்டும்போது ஒயரைக் கொஞ்சம் தளர்த்தி விட்டு, ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்தேன், எங்கேயும் இழுக்கவில்லை. மறுபடி ஹாரனை அழுத்தி அளந்தேன்: 0.1 வோல்ட்.

அப்பாவின் சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, பீரோ சாவி, மோட்டார் ரூம் சாவி எல்லாம் தொங்கும். வண்டிச் சாவியைத் தனியாகப் பிரித்துக் கொடுத்தேன், "எதுக்குடா?" என்றார். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்ததைச் சொன்னேன். சுவிட்சில் பிடிமானம் போதாமல், கொத்தின் கனத்திலேயே சாவி நழுவி, ஓடும் காரில் இன்ஜின் நின்று ஏர்பேக்கும் விரியாமல் போன விஷயம் அது. 120 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்பா ஒன்றும் பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலமும் தூறல்தான். நான் வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க மிதிக்க, அவர் பின்னால் நின்று "எரியுது... எரியுது..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.