நாம் பார்த்துவிட்ட சாவி

“நாம் பார்த்துவிட்டோமே சார், இனி இது ரகசியச் சாவிதானா?” என்று என்னோடு வேலை செய்யும் ஓர் இளம் பணியாளர் கேட்டார். “நாம் யாரிடமும் சொல்லப் போவதில்லையே” என்று நான் பதில் சொன்னேன். அதற்குப் பிறகு இருவரும் அடுத்து செய்ய வேண்டிய வேலையைப் பற்றி மட்டுமே பேசினோம். ஆனாலும் அந்தக் கேள்வியும் என் பதிலும் இன்றுவரை என்னை விட்டபாடில்லை.

வாடிக்கையாளர் ஒருவரின் கணினியில் எங்கள் கோப்புக் குறியாக்க மென்பொருள் பாதியில் நின்றுபோனபோது உருவான கோர் டம்ப் கோப்பை, அதாவது அந்தக் கணத்தில் மெமரியில் இருந்தவற்றின் நகலை, அவரிடம் கேட்டு வாங்கியது நாங்கள்தான். அதை ஆராயும் வேலையை அந்த இளம் சக பணியாளரிடம் ஒப்படைத்தது நான். மென்பொருள் நின்றதற்கான காரணத்தை அவர் ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். அதோடு நிறுத்தாமல், இந்த மெமரிப் படிமத்தில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார்.

எங்கள் மென்பொருள் பயன்படுத்தும் ஏஇஎஸ்-256 என்ற குறியாக்க முறையின் சாவி 32 பைட்டுகள் மட்டுமே. வெளிப்பார்வைக்கு அது தாறுமாறான எண்களின் வரிசை. பல கோடி பைட்டுகளுக்கு நடுவே அதை அடையாளம் காணவே முடியாது என்றுதான் தோன்றும். ஆனால், குறியாக்கம் நடப்பதற்காக அந்த 32 பைட்டுகள் 15 சுற்றுச் சாவிகளாக, மொத்தம் 240 பைட்டுகளாக விரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பகுதியும் தனக்கு முந்தைய பகுதிகளிலிருந்தே கணக்கிடப்படுவதால், விதியைத் தெரிந்தவருக்கு அந்த விரிவே சாவி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மின்சாரம் துண்டிக்கப்பட்ட பிறகும் மெமரி சிப்புகளில் சிறிது நேரம் தங்கியிருக்கும் தகவலிலிருந்து வட்டுக் குறியாக்கச் சாவிகளை மீட்க முடியும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் நிரூபித்தபோதும், இந்த விரிவைத்தான் தடயமாகக் கொண்டார்கள். அதே வழியில் அவர் எழுதிய சிறு நிரல், சில நிமிடங்களில் ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டியது. முதல் 32 பைட்டுகளை எடுத்துத் தனியாக விரித்துப் பார்த்தார். 240 பைட்டுகளும் அப்படியே பொருந்தின. அதைக்கொண்டு அவர் எதையும் திறந்து பார்க்கவில்லை. நேராக என் மேசைக்கு வந்தார்.

அந்தச் சாவி அங்கே இருந்திருக்கவே கூடாது. மென்பொருள் நின்றபோது, பூட்டிய கோப்புறை ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. மூடும் செயற்கூறின் இறுதியில், சாவி இருந்த இடம் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பும் மெம்செட் வரி இருக்கிறது. அதைப் பல ஆண்டுகளுக்கு முன் எழுதியவன் நான். அந்த வரியைத் திறந்து காட்டி, “இதோ, அழிக்கிறோமே” என்றேன். அவர் மறுத்துப் பேசவில்லை. வெளியீட்டுக்கான கட்டமைப்பில் அதே செயற்கூறு எந்திரக் கட்டளைகளாக எப்படி மாறியிருக்கிறது என்பதைப் பக்கத்துச் சாளரத்தில் திறந்தார். மெமரியை விடுவிக்கும் அழைப்பு அங்கே இருந்தது. அதற்கு முன்னால் பூஜ்யம் எழுதும் கட்டளை ஒன்றுகூட இல்லை. விடுவிக்கப்படப்போகும் இடத்தை இனி யாரும் படிக்கப் போவதில்லை, ஆகவே அதில் எழுதுவது வீண் என்று, நிரலை எந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் முடிவுசெய்து, என் வரியை நீக்கியிருந்தது. நிரல் மொழியின் விதிப்படி அது செய்ததில் தவறே இல்லை. எங்கள் சோதனைகளோ, இப்படி வீணானவற்றை நீக்கும் மேம்படுத்தல் அணைக்கப்பட்ட கட்டமைப்பில் ஓடின. அங்கே அந்த வரி உயிரோடு இருந்ததால், சோதனைகள் ஒவ்வொரு முறையும் வெற்றி என்றே சொல்லிவந்தன.

இதைத் தவிர்க்க வழிகள் இல்லாமலில்லை. கம்பைலர் நீக்க முடியாதபடி அழிக்கும் மெம்செட்_எஸ் என்ற செயற்கூறு சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரநிலையிலேயே, விருப்பத்துக்குரிய பகுதியாக, இடம்பெற்றுவிட்டது. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளம் கொண்டுவந்த, அதே வேலையைச் செய்யும் எக்ஸ்பிளிசிட்_பிஜீரோவும் பரவலாகக் கிடைக்கிறது. இவற்றை நான் அறிந்திருந்தேன். புதிதாக எழுதிய நிரல்களில் பயன்படுத்தவும் செய்தேன். பழைய வரிக்குத் திரும்பிப் போகவில்லை, அவ்வளவுதான். அது சரியாக இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்ததே அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம்.

முதலில் பிழையைத் திருத்துவோம், வாடிக்கையாளரிடம் பிறகு சொல்வோம் என்று நான் முடிவெடுத்தேன். அதற்கு எடுத்துக்கொண்டது 19 நாட்கள். அன்று நான் சொன்ன காரணம் இப்போதும் எனக்குச் சரியாகவே படுகிறது. திருத்தப்படாத மென்பொருளில் புதிய சாவியை உருவாக்கினால் அந்தப் புதிய சாவியும் அதே போல மெமரியில் தங்கும். மறுபடி மென்பொருள் நின்றால் அடுத்த டம்ப் கோப்பில் அதுவும் வரும். 2014இல், இணையத் தொடர்புகளைக் குறியாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஹார்ட்பிளீட் பிழை வெளிப்பட்டபோதும், ஒவ்வொரு கோரிக்கைக்கும் 64 கிலோபைட் வரை சர்வரின் மெமரி கசிந்துகொண்டிருந்த நிலையில், முதலில் திருத்தத்தை நிறுவுங்கள், அதற்குப் பிறகு சாவிகளை மாற்றுங்கள் என்றுதான் எல்லோருக்கும் அறிவுறுத்தப்பட்டது. வரிசை அதுதான். ஆனால் அங்கே பிழை பற்றிய அறிவிப்பும் திருத்தமும் ஒரே நாளில், ஏப்ரல் 7 அன்று, வெளிவந்தன. என் வாதத்தில் நான் சொல்லாமல் விட்டது அதைத்தான். “உங்கள் சாவி எங்கள் கைக்கு வந்துவிட்டது, இப்போதைக்கு மாற்ற வேண்டாம், வேறு யாருக்கும் டம்ப் கோப்பை அனுப்ப வேண்டாம்” என்று அன்றே ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். அதற்கு எந்தத் திருத்தமும் தேவைப்பட்டிருக்காது.

இன்னொரு காரணமும் இருந்தது. அதை அன்று நான் எனக்கே ஒப்புக்கொள்ளவில்லை. சிக்கியது தரவைப் பூட்டும் சாவி. பயனர் தன் கடவுச்சொல்லை மாற்றினால், அந்தச் சாவியைச் சுற்றியிருக்கும் உறை மட்டுமே மாறும்; உள்ளே இருக்கும் சாவி அதேதான். ஆகவே அவருடைய தரவு முழுவதையும் புதிய சாவியால் மறுபடி குறியாக்கம் செய்தாக வேண்டும். நாட்கணக்கில் நீளும் அந்த வேலையை, எங்கள் தவறுக்காக அவர் தலையில் சுமத்தப்போகும் கடிதத்தை எழுத எனக்குக் கை வரவில்லை. 19 நாட்களில் எத்தனை நாட்கள் திருத்தத்துக்குப் போனவை, எத்தனை நாட்கள் இந்தத் தயக்கத்துக்குப் போனவை என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

குறியாக்க அமைப்பில் சாவியைத் தவிர மற்ற எல்லாம் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும் பாதுகாப்பு குலையக் கூடாது என்று குறியாக்க அறிஞர் கெர்க்ஹாஃப்ஸ் 1883இல் எழுதினார். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். மனிதர்களின் நல்லெண்ணத்தை நம்ப வேண்டிய தேவையே இல்லாமல் ஆக்குவதற்காகத்தான் இந்தத் துறையே இருக்கிறது என்றும் சொல்வேன். அப்படிச் சொல்லிவந்த நானே, நாங்கள் இருவரும் நல்லவர்கள் என்பதைக் காட்டி அந்தப் பணியாளரின் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். இருவரும் நம்பத்தக்கவர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல.

சாவி சிக்கிய அன்று மாலையே டம்ப் கோப்பை அழிக்கச் சொன்னேன். அவர் தன் கணினியில் அழித்தார், நான் என் கணினியில் அழித்தேன், ஆதரவுக் கோரிக்கையில் இணைக்கப்பட்டிருந்ததும் நீக்கப்பட்டது. வாடிக்கையாளருக்குப் பின்னர் எழுதிய கடிதத்தில், “எங்களிடமிருந்த பிரதிகளை அழித்துவிட்டோம்” என்று குறிப்பிட்டேன். அதை எழுதும்போது மனதறிந்து பொய் சொல்லவில்லை. இரவுநேரக் காப்புப் பிரதிகள் நினைவுக்கு வந்தது இரண்டு வாரங்கள் கழித்துத்தான். அந்தக் கோப்பு வந்த நாளுக்கும் நாங்கள் நீக்கிய நாளுக்கும் இடையில் இரண்டு இரவுகள் இருந்தன. அந்த இரண்டு பிரதிகளையும் தேடி நீக்கவைத்தேன். அதை வாடிக்கையாளருக்கும் தனியாகத் தெரிவித்தேன். அவர் முதல் கடிதத்துக்கு நன்றி சொல்லியிருந்தார், தரவு முழுவதையும் மறுகுறியாக்கம் செய்து முடித்ததையும் தெரிவித்திருந்தார். இரண்டாவது கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

அதன் பிறகு இத்தகைய நிகழ்வுகளுக்கென ஒரு நடைமுறைக் குறிப்பை எழுதினேன். சாவி வெளிப்பட்டதாகச் சந்தேகம் எழுந்தாலே ஒரு நாளுக்குள் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும், ஆனால் அணித் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற பிறகே தெரிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சில மாதங்கள் கழித்து, வேறொரு வாடிக்கையாளர் அனுப்பிய பதிவுக் கோப்பில் ஒரு ரகசியச் சாவி அப்படியே அச்சாகியிருந்ததை அதே பணியாளர் கண்டார். இந்த முறை முதலில் வாடிக்கையாளருக்கு எழுதிவிட்டு, அந்தக் கடிதத்தின் நகலோடு என்னிடம் வந்தார். ஒப்புதல் இல்லாமல் எப்படி எழுதலாம் என்று கடிந்துகொண்டேன். “கேட்டிருந்தால் எப்போது எழுதச் சொல்லியிருப்பீர்கள் சார்?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. குறிப்பில் ஒப்புதல் பற்றிய அந்த வரியை இன்னும் மாற்றவும் இல்லை.