பார்சிலோனா என்று சொல்லி ஜிரோனாவில் இறக்கிவிட்டார்கள்

"பத்தொன்பது யூரோதான்க்கா! தீபாவளிக்கு ஆம்னி பஸ்ல ஊருக்குப் போக இதைவிட அதிகமா கேப்பான்" என்று தம்பி போனில் கத்தியபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கும் அவனைப் பார்க்கப் போன இடத்தில், கையில் மீதமிருந்த மூன்று நாளைக்கு பார்சிலோனா என்று முடிவு செய்து, அவசர அவசரமாகப் பணத்தைக் கட்டிவிட்டோம். டிக்கெட்டில் பார்சிலோனா பெரிய எழுத்தில் இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் ஜிரோனா. அது ஏதோ டெர்மினல் பெயர் என்று நினைத்தேன்.

டெர்மினல் இல்லை, வேறு ஊர். பார்சிலோனாவிலிருந்து கிட்டத்தட்ட 90 கிலோமீட்டர். இறங்கி ஓடினால் பஸ்ஸுக்கு நூறு பேர் வரிசை. எங்களுக்கு முன்னால் இன்னும் பத்துப் பேர் நிற்கும்போதே முதல் பஸ் நிரம்பிப் போய்விட்டது. அடுத்ததற்கு ஒரு மணி நேரம் நின்றோம். வந்த பஸ்ஸில் ஏசி வேலை செய்யவில்லை, ஜன்னலும் திறக்கிற மாதிரி இல்லை. பின் சீட்டில் ஒரு குழந்தை ஜிரோனாவில் ஆரம்பித்த அழுகையை பார்சிலோனாவின் நார்ட் பஸ் நிலையத்தில்தான் நிறுத்தியது. போகவர இரண்டு பேருக்கும் சேர்த்து பஸ்ஸுக்கு மட்டும் ஐம்பது யூரோ. யூரோவை நூறால் பெருக்கும் வியாதி எனக்கு உண்டு; ஐயாயிரம் ரூபாய் என்று மனசு உடனே கணக்குப் போட்டது. நீங்கள் டிக்கெட் போடும்போது பார்சிலோனாவின் சொந்த விமான நிலையமான எல் பிராட்டா என்று பாருங்கள். தெற்கே ரெயுஸ் என்று ஒன்று இருக்கிறது, அதையும் பார்சிலோனா என்று விற்கிறார்கள்.

சரி, மூன்று நாள் திட்டத்தை ஒழுங்காக எழுதுகிறேன் என்று தோழிகளுக்குச் சொல்லியிருந்தேன். எழுதுகிறேன்.

முதலில் மெட்ரோ. பத்துப் பயணத்துக்கான டி-காஷுவல் அட்டையைத்தான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் அதை ஒருவர் மட்டுமே பயன்படுத்தலாம். இரண்டு பேர் என்றால் டி-ஃபமிலியார் வாங்குங்கள்: எட்டுப் பயணம், 30 நாள் செல்லும், ஒரே அட்டையைக் கை மாற்றிக் கொள்ளலாம். விமான நிலைய மெட்ரோவுக்கு இரண்டும் செல்லாது. அறை வாடகை தவிர, ஆளுக்கு ஒரு இரவுக்கு இவ்வளவு என்று சுற்றுலா வரியைத் தனியாகக் கேட்பார்கள். ஏமாற்றுகிறார்களோ என்று நான் முறைத்தேன். உண்மையான வரிதான்.

அடுத்தது சக்ராதா ஃபமீலியா தேவாலயம். இதற்கு மட்டும் விமான டிக்கெட் போட்ட கையோடு முன்பதிவு செய்துவிடுங்கள். வாசலில் போய் வாங்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். கோபுரம் ஏறாத டிக்கெட் எனக்கு 26 யூரோ, தம்பிக்கு மாணவன் என்பதால் கொஞ்சம் குறைவு. முக்கியமானது நேரம். காலை நேரத்துக்குத்தான் போட்டி, நாங்கள் கிடைத்ததை எடுத்தோம்: மாலை நாலரை. அது எங்கள் அதிர்ஷ்டம்.

வெளியே நிற்கும்போது எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கிரேன், தூசி, செல்ஃபி கூட்டம். 1882-ல் ஆரம்பித்த வேலை. அடுத்த வருடம் கட்டடக் கலைஞர் கௌடி கைக்கு வந்தது. இத்தனைக்கும் முறையான கட்டட அனுமதி கிடைத்தது 2019-ல்தானாம். எங்கள் வீட்டு மாடி அறைக்கு அப்ரூவல் வாங்க அப்பா அலைந்த அலைச்சல் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

உள்ளே போனதும் சிரிப்பு நின்றது. தூண்கள் தூண்களாக இல்லை. பாதி உயரத்தில் கிளை பிரிந்து, மேலே போகப் போக இன்னும் பிரிந்து, கூரை ஒரு தோப்பின் உச்சி மாதிரி விரிகிறது. எந்தத் தூணுக்கு எவ்வளவு பாரமோ அதற்கேற்ற கல்லாம். நடுவில் நிற்கும் நான்கும் போர்ஃபிரி என்ற கடினமான சிவப்புக் கல். கிழக்குப் பக்கக் கண்ணாடிகள் நீலம், பச்சை. மேற்குப் பக்கம் ஆரஞ்சு, சிவப்பு. அக்டோபர் மாதம், ஐந்து மணி வெயில் மேற்குக் கண்ணாடி வழியாகச் சரிந்து இறங்கியபோது தரை, தூண், எதிரே நின்ற தம்பியின் வெள்ளைச் சட்டை எல்லாம் செம்பருத்தி நிறமாகிவிட்டது. எப்போதும் வாயை மூடாதவன் பத்து நிமிடம் பேசவில்லை. பிறகு "இந்த இருபத்தாறு யூரோவுக்கு மட்டும் நான் கணக்குக் கேக்க மாட்டேன்க்கா" என்றான். டிக்கெட் காசும் நன்கொடையும்தான் அங்கே கல்லாக ஏறுகின்றன. அரசுப் பணத்தில் கட்டுவதில்லை.

கீழே உள்ள அருங்காட்சியகத்தைப் பலர் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கயிறுகளில் சின்னச் சின்ன மூட்டைகளைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்ட ஒரு மாதிரி இருக்கிறது. பாரத்தால் கயிறு எப்படி வளைகிறதோ, அதை அப்படியே கவிழ்த்தால் அதுதான் வளைவின் சரியான வடிவம். கணிப்பொறி இல்லாத காலத்தில் கௌடி இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறார்! 1936 கலவரத்தில் அவருடைய பிளாஸ்டர் மாதிரிகளை உடைத்துப் போட்டார்கள். அந்தச் சில்லுகளைப் பொறுக்கி ஒட்டித்தான் பின்னால் வந்தவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கௌடி 1926-ல் டிராம் மோதி இறந்தவர். உடை கிழிசலாக இருந்ததால் பிச்சைக்காரர் என்று நினைத்துவிட்டார்களாம். கல்லறை அங்கேயே நிலவறையில் இருக்கிறது.

வெளியே வரும்போது, இயேசுவின் பிறப்பைச் செதுக்கியிருக்கும் பிறப்பு வாயிலின் தூண் அடியைக் குனிந்து பாருங்கள். இரண்டு தூணையும் ஆமைகள் சுமக்கின்றன. கடல் பக்கம் கடலாமை, மலைப் பக்கம் நிலத்தாமை. எல்லோரும் அண்ணாந்தே பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அன்று இரவுதான் அந்தக் கொள்ளை. லா ராம்ப்லா வீதிப் பக்கம், படம் போட்ட மெனு பலகை வைத்த ஒரு கடை. "கால் வலிக்குது, உக்காரலாம்டா" என்று சொன்னது நான். என்ன அளவு என்று கேட்காமலே பூச்சாடி சைஸுக்கு இரண்டு சங்ரியா, பழம் போட்ட ஒயின், வந்தது. பயேயா என்ற பெயரில் மஞ்சள் சோறு. நடுவில் இன்னும் சில்லென்று இருந்தது. பில்லில் கேட்காத ரொட்டிக்கும் காசு, வெளி மேஜைக்கும் காசு. மொத்தம் 74 யூரோ. வாக்குவாதம் செய்ய எங்களுக்கு ஸ்பானிஷும் வராது, காட்டலானும் வராது. கோபம் ஆறப் பக்கத்துப் பிளாசா ரெயாலில் போய் உட்கார்ந்தோம். அங்கே நிற்கும் ஆறு கை விளக்குக் கம்பங்கள் கௌடி இளைஞராக இருந்தபோது வடிவமைத்தவை. பார்க்கக் காசு இல்லை.

இரண்டாம் நாள் பாசேய் தெ கிராசியா என்ற பெரிய வீதி. நடைபாதையின் அறுகோணக் கற்களில் கடல் உயிர்கள் சுருண்டிருக்கும், அதுவும் கௌடி வடிவம்தான். அங்கே கௌடியின் காசா பாட்லோ வீட்டுக்குள் போக முப்பது யூரோவை ஒட்டிக் கேட்கிறார்கள். நாங்கள் போகவில்லை, வருத்தமும் இல்லை. எலும்பு மாதிரிப் பால்கனியும் டிராகன் முதுகுக் கூரையும் எதிர்ச் சாரியில் நின்றாலே தெரியும். ஒட்டியே பூச் இ கதஃபால்க் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் கட்டிய காசா அமத்லெர், ஒரு சாக்லேட் முதலாளியின் வீடு. பாட்லோவுக்குள் போகாமல் மிச்சம் பிடித்த காசைக் கொண்டுபோய் சான்ட் பாவ் என்ற பழைய மருத்துவமனைக்குக் கொடுங்கள், மிச்சமும் வரும். சக்ராதாவிலிருந்து கௌடி அவென்யூ வழியே கால் மணி நடை. தொமெனெக் இ மொந்தானெர் என்ற கட்டடக் கலைஞர் 1902-ல் தொடங்கியது. ஒவ்வொரு வார்டும் தோட்டத்துக்குள் தனிக் கட்டடம், நோயாளிகளைக் கொண்டுபோக அடியில் சுரங்க நடை. 2009 வரை அங்கே வைத்தியம் நடந்திருக்கிறது. கூரையெல்லாம் பூ ஓடு. நாங்கள் போனபோது மொத்தமே இருபது பேர்தான் இருந்திருப்பார்கள்.

கௌடியின் பார்க் குவெல் பூங்காவுக்கு முன்பதிவு செய்யாதது முழுக்க என் தப்பு. பூங்காதானே என்று மூன்றாம் நாள் மத்தியானம் மேடு ஏறிப் போனால், அடுத்த நுழைவு மாலை ஐந்துக்கு. எங்கள் ஜிரோனா பஸ்ஸும் ஐந்துக்கு. அங்கே இருக்கும் புகழ்பெற்ற ஓட்டுத்துண்டுப் பல்லிச் சிலையைச் சாவிக்கொத்தில்தான் பார்த்தேன்.

ஏறிய மேட்டை இறங்கி கிராசியா பகுதிக்கு வந்தோம். ஒரு சந்தில் சாக்பீஸில் எழுதிய பலகை, உள்ளே முழுக்க உள்ளூர் ஆட்கள். மதிய மெனு 15 யூரோ: இரண்டு உணவு, ரொட்டி, பானம், இனிப்பு. முதலில் உலர் திராட்சையும் பைன் கொட்டையும் போட்டு வதக்கிய கீரை. அடுத்து ஃபிதெயுவா. அகலச் சட்டியில் பொடி சேமியாவை மீன் சாற்றில் வேகவைத்து, அடி லேசாகப் பிடிக்க விட்டு, மேலே அய்யோலி என்ற பூண்டு சாஸ். நம் சேமியா கிச்சடி கடற்கரைக்குக் குடிபோனால் இப்படித்தான் இருக்கும்! அடியில் ஒட்டியதைத் தம்பி சுரண்டுவதைப் பார்த்து, கடைக்கார அம்மா இன்னொரு கரண்டி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஒரு மணிக்கு முன்னால் போனால் அடுப்பே தயாராக இருக்காது, தெரிந்துகொள்ளுங்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஏசி வேலை செய்தது. தம்பி செலவைச் செயலியில் ஏற்றிப் பாதியாகப் பிரித்து அனுப்பினான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்த 74 யூரோவை மட்டும் முழுசாக என் பெயரில் எழுதியிருந்தான்.