கீரவாணியிலிருந்து சங்கராபரணத்துக்கு: ஒரு வெற்றிப் பாட்டு செய்கிறேன்

எங்கள் அடுக்குமாடிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் போனிலேயே ஒரு விண்வெளிப் படம் எடுத்திருக்கிறார்கள். பெங்களூர் முருகேஷ்பாளையாவின் மொட்டை மாடிதான் வேற்றுக்கிரகம். இசை என் பொறுப்பு. வில்லனுக்கான மெட்டு சட்டென்று வந்துவிட்டது. கடைசிக் காட்சிதான் பிடி கொடுக்கவில்லை. பகைவர்கள் ஓடிவிட்டார்கள், கிரகமே கூடி ஆடுகிறது, அதற்கு ஒரு நிமிட இசை வேண்டும். வேலை இன்னும் முடியவில்லை. இதுவரை செய்து பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் ஸ்டார் வார்ஸ் படங்களின் முடிவுகளை வரிசையாகப் போட்டுக் கேட்டேன். கொண்டாட்ட இசைக்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. 1977இல் வந்த முதல் படத்தில் பதக்கம் அணிவிக்கும் விழா. இரட்டைச் சூரியன் மறையும்போது ஒற்றை ஹார்னில் ஏக்கமாகத் தொடங்கிய அதே மெட்டைத்தான் இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் இங்கே ட்ரம்பெட்டுகளின் கையில் கொடுத்து நிமிர்ந்து நடக்க வைக்கிறார். புது மெட்டு எதுவும் தேவைப்படவில்லை.

1999இல் வந்த படம் இன்னும் ஆச்சரியம். கடைசியில் ஊர்வலம், பிள்ளைகளின் குரல்கள், ஒரே குதூகலம். ஆனால் காதைத் தீட்டிக் கேட்டால் அது 1983 படத்தில் ஆண் குரல்கள் இருட்டாக முனகிய மெட்டு, அதாவது கதையின் பெரிய வில்லனான பேரரசரின் மெட்டு. சோகம் தொனிக்கும் மைனரை மகிழ்ச்சி தொனிக்கும் மேஜராக்கி, வேகத்தைக் கூட்டியிருக்கிறார், அவ்வளவுதான். பின்னாளில் பேரரசராகப் போகிறவர் அந்தக் கூட்டத்தில்தான் புன்னகையோடு நிற்கிறார். ஊர் ஆடுகிறது, ஆடுவது யாருடைய மெட்டுக்கு என்று ஊருக்குத் தெரியாது. இதைக் கேட்டதும் என் வேலைக்கு வழி கிடைத்துவிட்டது. எங்கள் வில்லனின் மெட்டையே பிடுங்கி மக்கள் கையில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

வில்லன் மெட்டை நான் கீரவாணி ராகத்தில் போட்டிருந்தேன். ஒரு கட்டை சுருதியில், அதாவது ‘ஸ’வை C-யில் வைத்து வாசித்தால், கீபோர்டில் இரண்டே கறுப்புக் கட்டைகள்: காந்தாரமும் (க) தைவதமும் (த). இந்த இரண்டையும் ஒரு படி மேலே ஏற்றினால் எல்லாம் வெள்ளைக் கட்டை, சங்கராபரண ராகம் வந்துவிடுகிறது. விரல் போகும் பாதை அதேதான், முகம் மட்டும் வேறு. வாசித்துப் பார்த்தபோது எனக்கே சிலிர்த்தது.

ஆனால் கீரவாணியிலிருந்து நேராகச் சங்கராபரணத்துக்குத் தாவினால் விளக்குப் போட்ட மாதிரி பளிச்சென்று ஆகிவிடுகிறது. பகைவன் இப்போதுதான் ஓடினான், அதற்குள் யாரும் குதிக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு சுரமாக மாற்றிப் பார்த்தேன். தைவதத்தை மட்டும் ஏற்றினால் கௌரிமனோகரி. அழகுதான், ஆனால் துக்கம் அப்படியே இருக்கிறது. காந்தாரத்தை மட்டும் ஏற்றினால் சரசாங்கி. இதுதான் எனக்கு வேண்டியது. மேலே சந்தோஷம் வந்துவிட்டது, தைவதத்தைத் தொடும்போது மட்டும் உள்ளே ஏதோ வலிக்கிறது. இறந்தவர்களை நினைத்துக்கொண்டே கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்களே, அந்த இடம். அங்கே எட்டு தாளவட்டம் நின்றுவிட்டு, அப்புறம்தான் சங்கராபரணத்துக்குள் நுழைகிறேன்.

அடுத்தது தாளம். மார்ச் மாதிரி ஆதி தாளத்தில் போட்டதில் குடியரசு தின அணிவகுப்பு வாசனை வந்தது. கோலார் தங்கவயலில் வளர்ந்த பக்கத்து வீட்டு அண்ணன் பறை வாசிப்பார். கேட்டுவிட்டு, “தம்பி, இதுக்கு நடக்கலாம், ஆட முடியாது. திஸ்ரத்துல போடு” என்றார். திஸ்ரம் என்றால் ஒவ்வோர் அடியையும் மூன்றாகப் பிரிக்கும் நடை. சரி என்று ஒவ்வொரு இரண்டு சுரத்திலும் முதலாவதை இரண்டு பங்கு நீட்டி, அடுத்ததை ஒரு பங்காகக் குறைத்தேன். நிமிடத்துக்கு 60 அடியாக இருந்ததை 120 ஆக்கினேன். தகிட தகிட என்று மெட்டு தானாகவே இடுப்பை ஆட்டியது. பெங்களூர் அல்சூரின் பூப்பல்லக்கு ஊர்வலத்தில் வாத்தியக்காரர்கள் பின்னால் நடந்தவர்களுக்கு இந்த நடை காலிலேயே இருக்கும்.

எதை அடிப்பது? இதற்கு 1983 படத்தின் முடிவுதான் வழிகாட்டி. காட்டு வாசிகளான ஈவாக்குகள் தோற்றுப்போன படையினரின் தலைக்கவசங்களை வரிசையாக வைத்து மேளமாகத் தட்டுவார்கள். 1997 மறுபதிப்பில் அங்கிருந்த பாட்டை எடுத்துவிட்டு வில்லியம்ஸின் வேறொரு இசையைச் சேர்த்தார்கள். அதுவும் இனிமையானதுதான், பல கிரகங்களையும் காட்டும் காட்சிக்குப் பொருந்துகிறது. ஆனாலும் என் ஓட்டு பழையதற்கே. ஜெயித்தவர்கள் கைக்குக் கிடைத்ததைத் தட்டிப் பாடுவதில் இருக்கிற உண்மை பெரிய ஆர்கெஸ்ட்ராவில் வருவதில்லை.

அதனால் நாங்களும் பைக் ஹெல்மெட்டுகளை எடுத்தோம். உள்ளே இருக்கும் பஞ்சு சத்தத்தை விழுங்கிவிடுகிறது, கழற்றக்கூடிய மெத்தையை எடுத்த பிறகும் ‘டொக்’ என்பதற்கு மேல் எழவில்லை. ஆனால் காலியான 20 லிட்டர் தண்ணீர் கேன் அருமையான வாத்தியம்! கவிழ்த்து வைத்து அடிப்பாகத்தின் நடுவில் உள்ளங்கையால் தட்டினால் ‘தொம்’ என்று வயிற்றில் இறங்கும். பக்கவாட்டு வரிப்பள்ளங்களில் குச்சியை இழுத்தால் ‘கிர்ர்’ என்று வரும். இப்போது தொம்முக்கு இரண்டு கேன், கிர்ருக்கு ஒன்று. ஹெல்மெட் திரையில் தெரிவதற்கு மட்டும்.

பாக்கி இருப்பது பிள்ளைகளின் கோரஸ். சொல்லே இல்லாமல் ‘ஏலேலோ’ மட்டும் பாடச் சொல்லியிருக்கிறேன். தமிழ், கன்னடம், தெலுங்கு என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது வாயில் நிற்கிறது. தைவதம் மாறும் இடத்தில் சின்னவர்கள் இன்னும் பழைய சுரத்துக்கே இறங்கிவிடுகிறார்கள். அதனால் சரசாங்கிப் பகுதியைப் பெரிய பெண்கள் இருவர் மட்டும் பாட, சங்கராபரணம் வந்ததும் எல்லோரும் சேர்ந்துகொள்வதாக மாற்றப் போகிறேன். பக்கத்து ஓடுதளத்தில் ஹெலிகாப்டர் சத்தம் தொடங்குவதற்குள், ஞாயிறு விடிகாலையில் மாடியிலேயே பதிவு.