கேக் பெட்டியில் வந்த பிரம்மா

பேராதனையில் மிருக வைத்தியம் படித்த நாட்களில் கோழி என்றால் எங்களுக்கு ஆயிரக்கணக்கில்தான். கொட்டில் ஒன்றில் ஐயாயிரம் நிற்கும். நூறு நொண்டினால் ஐந்தை அறுத்துப் பார், தீனைப் பார், மிச்சத்தைக் காப்பாற்று. ஒற்றைக் கோழியைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்பது அந்தக் கணக்கிலேயே வராது. கொழும்பில் நாய், பூனை பார்க்கும் கிளினிக்கில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பெயர் வைத்த கோழிகளைக் கண்டேன்.

முதலில் வந்தது கொட்டாஞ்சேனை ஐயா ஒருவரின் பிரம்மா என்ற இனக் கோழிக் குஞ்சு. கேக் பெட்டியில் ஓட்டை போட்டு, கீழே பழைய சறம் விரித்துக் கொண்டுவந்திருந்தார். வயது மூன்று கிழமை.

"நேற்றுவரைக்கும் ஓடித் திரிஞ்சவன் டொக்டர். இண்டைக்குக் குந்தினபடியே இருக்கிறான்."

நேற்றுவரைக்கும் என்பதை நான் நம்புவதில்லை. பிரம்மாவுக்குக் கால் விரல்வரை இறகு மூடியிருக்கும். விரல் மடங்கத் தொடங்கி நாலைந்து நாளானாலும் வெளியே தெரியாது. இறகை விலக்கிப் பார்த்தேன். இரண்டு காலிலும் விரல்கள் பொத்திய கைபோல உள்ளே சுருண்டிருந்தன. தரையில் விட்டால் பாதத்தை ஊன்றாமல் முழங்கால்போலத் தெரிகிற அந்த மூட்டில் நடந்தது. கண் தெளிவாக இருந்தது, பசியும் இருந்தது. என்ன சாப்பாடு என்று கேட்டேன். குருணலும் சோறும் என்றார். தீன் மூடை விலை ஏறியதிலிருந்து அதுதானாம்.

விட்டமின் பி2, அதாவது ரைபோபிளேவின், குறைந்தால் காலுக்குப் போகும் பெரிய நரம்பு வீங்கிவிடும். விரல் சுருள்வது அதனால்தான். தீட்டிய அரிசியில் அந்தச் சத்து மிகக் குறைவு. இந்தக் குறை தாய்க்கோழியிலிருந்தே தொடங்கலாம் என்பதையும் ஐயாவுக்குச் சொன்னேன்: முட்டை வெள்ளைக் கருவில் தெரியும் இலேசான பச்சை மஞ்சள் சாயலே இந்த விட்டமின்தான், தாய் தின்றால்தான் குஞ்சுக்குப் போகும். மருந்து கொடுத்து, குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர் தீனுக்கு மாற்றியதும் ஒரு கிழமையில் எழுந்து நின்றான். சுருண்டு பல நாளான பிறகு வந்திருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

2022 வேறு கதை. மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணி நேரம் கரன்ட் இல்லாமல் கிடந்தோம். வீட்டு இன்குபேட்டரில் 37.5 பாகையில் நிற்கவேண்டிய முட்டைகள் ஆறி, மறுபடி சூடாகி, மறுபடி ஆறின. அந்த மாதங்களில் பொரித்தவை என்று வந்த குஞ்சுகளில் கால் பலமில்லாதவை நிறைய. அதிலும் பாதியைப் பேப்பர் கெடுத்தது. குஞ்சுக்குப் பேப்பர் விரிப்பது டைல்ஸில் எண்ணெய் ஊற்றிவிடுவது மாதிரி. இரண்டு காலும் இரு பக்கம் வழுக்கி அப்படியே நின்றுவிடும். பிறந்து ஒன்றிரண்டு நாளில் கொண்டுவந்தால் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் இரண்டு காலையும் தோள் அகலத்துக்கு இணைத்து, சொரசொரப்பான துணியில் விட்டால் போதும், மூன்று நான்கு நாளில் சரி. எனக்கு இதைவிட மலிவான வைத்தியம் தெரியாது. பில் போடவே கூச்சமாக இருக்கும்.

தசைநார் விலகிய குஞ்சுக்கு மட்டும் என்னிடம் வழி இல்லை. மூட்டின் பின்பக்கம் பெருவிரலால் தடவினால் நடுப் பள்ளத்தில் நூல் கயிறுபோல ஒன்று தட்டுப்படவேண்டும். பக்கவாட்டில் நழுவியிருந்தால் மூட்டு தட்டையாக வீங்கி, கால் வெளியே திரும்பிவிடும். மங்கனீஸ் குறைவு ஒரு காரணம். பின்னால் எவ்வளவு மங்கனீஸ் கொடுத்தாலும் நழுவியது திரும்பாது. இதைச் சொல்லும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, பெட்டிக்குள்தான் பார்ப்பார்கள்.

இனி என் பிழை. வெள்ளவத்தையில் மாடி வீட்டில் இருக்கும் ஒரு தங்கச்சி, ஏ.எல். படிப்பவள், பத்துக் கிழமை வயதான சில்க்கி இனக் கோழி ஒன்றைக் கொண்டுவந்தாள். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே நீட்டியபடி கிடந்தது. கொட்டாஞ்சேனை பிரம்மா எழுந்து நின்ற சந்தோஷம் எனக்குள் இன்னும் இருந்தது. விட்டமின் எழுதிக் கொடுத்தேன். ஒரு கிழமை கழித்து இன்னொரு கிழமைக்கும் எழுதினேன். கோழி செத்த பிறகு அவளிடம் அனுமதி கேட்டு அறுத்துப் பார்த்தேன். ஒரு தொடையில் நரம்பு தையல் நூல்போல வெள்ளையாக மினுங்கியது. மற்றத் தொடையில் அதே நரம்பு அவித்த இடியப்ப இழைபோலத் தடித்து மங்கிக் கிடந்தது.

மாரெக் நோய். ஹங்கேரிய மிருக வைத்தியர் யோசெப் மாரெக் 1907இல் சேவல்களில் எழுதிவைத்த அதே முடக்குவாதம். வயதும் கால் கிடந்த விதமும் முதல் நாளே சொல்லியிருந்தன, நான்தான் கேட்கவில்லை. வைரஸ் இது, மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த அன்றே தடுப்பூசி போடவேண்டும். அந்தத் தடுப்பூசி பெரும்பாலும் ஆயிரம் குஞ்சுக்கான குப்பியாக வரும், கரைத்தால் ஓரிரு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். சமையலறை இன்குபேட்டரில் எட்டுக் குஞ்சு பொரிக்கிறவர் எங்கே போவார்? பண்ணைக் குஞ்சுக்குக் கிடைக்கும் காவல் இந்த விலை கூடிய பேன்சிக் குஞ்சுகளுக்குக் கிடைப்பதில்லை.

நான் விட்டமினோடு கடத்திய இரண்டு கிழமையும் அது மற்ற மூன்றோடு ஒரே கூட்டில்தான் இருந்தது. அதில் இரண்டும் அடுத்தடுத்து விழுந்தன. பிரித்து வைத்திருந்தாலும் தப்பியிருக்கும் என்று சொல்லமுடியாது, இறகுத் தூசியில் ஏற்கெனவே பரவியிருக்கும். ஆனாலும் பிரித்து வை என்று நான் சொல்லவில்லை.

"அக்கா, கழுவிப்போட்டு அதே கூட்டில புதுசு விடலாமா?" என்று போனில் கேட்டாள். அந்தத் தூசியில் வைரஸ் மாதக்கணக்கில் இருக்கும், வேண்டாம் என்றேன். சரி என்று வைத்துவிட்டாள். இப்போது அந்த பல்கனியில் அந்தூரியம் வைத்திருக்கிறாளாம்.