குற்றவாளி 12000 அல்ல, 1000

ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த, 6/8 அங்குல அகலச் சவரக்கத்தி. தீட்டுகல்லில் 1000-இல் தொடங்கி 12000 வரை ஏற்றியும் (எண் ஏற ஏறக் கல் நைஸாகும்) முடியை வெட்டாமல் பிடுங்கியது. மூன்று தடவை 8000-க்கு இறங்கி மறுபடி ஏற்றியும் பலனில்லை. கடைசியில் கத்தியின் வாயோரம், அதாவது கூர் விளிம்பில், மார்க்கர் மை பூசி 1000 கல்லில் பத்து இழுப்பு. பிடியோரமும் நுனியும் மை போய்விட்டது. நடுவில் இரண்டு சென்டிமீட்டர் அப்படியே நின்றது. அங்கே வாயே விழவில்லை என்றால் மேலே எந்தக் கல் வைத்தும் என்ன?

அதே 1000 கல்லில்தான் சமையல் கத்திகளும் தீட்டப்படுகின்றன. அழுத்தம் நடுவில் விழுவதால் கல் அங்கே குழிகிறது. சமையல் கத்திக்குக் கோணத்தைப் பிடிப்பது கை என்பதால் இது உறைப்பதில்லை. சவரக்கத்திக்குக் கோணம் கொடுப்பது முதுகு. 5.5 மி.மீ. முதுகு, 19 மி.மீ. அகலம் என்றால் இருபக்கமும் சேர்த்துச் சுமார் 16.5 டிகிரி. முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் படிய வேண்டும்; குழிந்த கல்லில் இரு முனையும் தொடும், நடு அந்தரத்தில் நிற்கும்.

ஆகவே கல்லைச் சமன் செய்யும் வேலை. 8 மி.மீ. கண்ணாடி, அதன்மேல் தண்ணீர் தெளித்து ஒட்டிய 220 வாட்டர் பேப்பர். கல்லில் ஒரு சென்டிமீட்டர் கட்டமாகப் பென்சில் கோடு. எட்டு போடுவதுபோல் தேய்க்க, ஓரக் கோடுகள் சீக்கிரம் மறையும்; நடுவில் இருப்பவை பிடிவாதம் பிடிக்கும். இந்தக் கல் மூன்று தாளைத் தின்றது. கோடு போனதும் நிறுத்தக் கூடாது: மறுபடி கோடு போட்டு, பத்துப் பதினைந்து தேய்ப்பில் எல்லாம் ஒன்றாக மறைந்தால்தான் சமன்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. தேய்மானச் சேறு தேங்கினாலோ தாள் ஓரம் எழும்பினாலோ கல்லின் விளிம்பு அதிகம் தேய்ந்து நடு மேடாகிவிடும். இருபது தேய்ப்புக்கு ஒருமுறை கழுவி, கல்லை முன்பின்னாகத் திருப்பிப் போட வேண்டும். கை எப்போதும் ஒரு பக்கமே அதிகம் அழுத்தும். பிறகு ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, பின்னால் விளக்கு காட்டி வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பது. கல்லின் நான்கு விளிம்பையும் 45 டிகிரியில் ஒரு மி.மீ. மழுக்காவிட்டால் கத்தியின் கூர் சிறு சிறு பல்லாகச் சிதையும். கடைசியாகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் கழுவல். 220 தாளின் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் கீறல் நிச்சயம்.

அட்டோமா 400 வைரத் தகடு இருந்தால் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. ஆனால் 8000, 12000 கற்களில் அது பசை போட்டதுபோல் கவ்விக்கொள்ளும். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் ஓட ஓடச் சின்னச் சின்னதாகத் தேய்க்க வேண்டும்.

எண்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஜப்பானின் ஷாப்டன் குரோமாகு கற்களில் 1000 என்றால் துகளின் அளவு 14.7 மைக்ரான், 5000 என்றால் 2.94, 12000 என்றால் 1.22. உப்புத்தாளின் பி-1000 சுமார் 18 மைக்ரான். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறவர்கள் ஏராளம். பெயரில்லாமல் '3000/8000' என்று அச்சடித்து விற்கும் மலிவுக் கற்களில் எண் வெறும் அலங்காரம். 8000 பக்கம் போடும் கீறல் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. குரோமாகுவை ஊறவைக்க வேண்டாம், தெளித்தால் போதும். கிங் 1000 பத்து நிமிடம் ஊற வேண்டும். நனிவா சூப்பர் ஸ்டோனை ஊறவைக்கவும் கூடாது, வெயிலில் காயவைக்கவும் கூடாது, வெடிக்கும்.

சமையல் கத்திக்கு இனி தனிக் கல். அதற்கு 1000-க்கு மேல் 3000 போதும், பக்கத்துக்கு 15 டிகிரி; ரொம்பப் பளபளப்பாக்கினால் தக்காளித் தோலில் வழுக்கும்.

அடுத்து பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில் வெட்டியெடுக்கும் கோட்டிகூல் என்ற தீட்டுகல் ஒன்று வாங்க ஆசை. அதில் கார்னெட் என்ற கடினக் கனிமத்தின் நுண்துகள்கள். சேற்றோடு வேகமாக வெட்டும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சேற்றை நீர்க்கவைத்தால் மென்மையாகிக்கொண்டே போகும். இயற்கைக் கல் என்பதால் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. விலையை நினைத்தால்தான் கை பின்வாங்குகிறது.

சமன் செய்த 1000-இல் பக்கத்துக்கு இருபது வட்டம், பிறகு குறுக்குவாட்டில் முப்பது இழுப்பு. மை முழுக்கப் போயிற்று. பிடியோரம் முதல் நுனிவரை எல்லா இடமும் கை முடியைத் தோலோடு ஒட்டி வழிக்கிறது. விளக்கடியில் வாயை நேராகப் பார்த்தால் மழுங்கலைக் காட்டும் மின்னல் எங்கும் இல்லை. 5000-ஐயும் 12000-ஐயும் சமன் செய்வது பாக்கி. அது முடியும்வரை கத்திக்குப் பெட்டியில் ஓய்வு.