பதின்மூன்றாவது பின்

எங்கள் லேபில் வருடத்துக்கு ஒருமுறையாவது இரண்டும் இரண்டும் ஐந்தாகிவிடும். இந்த வருடம் அது போன செவ்வாய்க்கிழமை மதியம் ஆனது.

"சார், ஐசி போயிடுச்சு, வேற குடுங்க" என்று கடைசி மேசைத் தம்பி எழுந்து வந்தான். ஒரு பாலிடெக்னிக்கின் டிஜிட்டல் லேபில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். "போயிடுச்சு" என்று சொல்லித் திரும்பி வந்த ஐசிகளில் நிஜமாகவே போனவை குறைவுதான். போய்ப் பார்த்தேன். 7483, நாலு பிட் ஆடர், அதாவது நாலு இலக்க பைனரி எண்கள் இரண்டைக் கூட்டும் சிப். ஏ பக்கம் 0010, பி பக்கம் 0010, இரண்டும் இரண்டும். எல்இடியில் 0101, ஐந்து.

பதின்மூன்றாவது பின்னில் வயரே இல்லை. முந்தைய கூட்டலில் மிஞ்சிய ஒன்றை உள்ளே வாங்கும் கேரி இன் அதுதான். இந்த டிடிஎல் வகை ஐசியில் அந்தரத்தில் விட்ட இன்புட் சும்மா இருக்காது, தன்னை 1 என்றே வைத்துக்கொள்ளும். அந்தப் பின் வழியாகக் கொஞ்சம் கரண்ட் வெளியே வந்து கிரவுண்டில் இறங்கினால்தான் அதற்கு 0. இறங்க வழி இல்லையென்றால் 1. ஆக, இரண்டும் இரண்டும், கூடவே யாரும் கேட்காத ஒன்றும். ஒரு வயரை எடுத்து 13-ஐக் கிரவுண்டில் செருகினேன். 0100. தம்பி என்னை மந்திரவாதி மாதிரி பார்த்தான். மறுக்கவில்லை.

அவனைத் திட்ட எனக்கு அருகதையும் இல்லை. படிக்கிற காலத்தில் இதே 7483-க்கு 16-இல் ஐந்து வோல்ட், 8-இல் கிரவுண்ட் கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் விழித்தவன் நான். பதினாறு பின் ஐசி என்றால் பவர் அங்கேதான் என்று கை பழகியிருந்தது. இந்த ஐசி மட்டும் ஐந்தில் சப்ளை, பன்னிரண்டில் கிரவுண்ட் கேட்கும். நல்லவேளை, 16-உம் 8-உம் இதில் வெறும் இன்புட்டுகள். அதனால் புகை வரவில்லை, எல்இடியும் எரியவில்லை. பிறகு வந்த 74283-இல் அதே வேலை, பவர் மட்டும் வழக்கமான இடத்தில். சென்னை ரிச்சி தெருவில் கேட்டு வாங்கும்போது எண்ணைச் சரியாகச் சொல்லுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். தொல்லை கொடுத்த அந்தப் பின்தான் அடுத்த சோதனையில் கதாநாயகன். கழிப்பதற்கென்று தனி சர்க்யூட் நாங்கள் கட்டுவதில்லை. பி பக்கத்து நாலு பிட்டையும் ஒரு 7486 வழியாக விடுவோம். அதில் நாலு எக்ஸார் கேட், இரண்டு இன்புட்டும் வேறுபட்டால்தான் 1 தருபவை. எல்லாவற்றின் இன்னொரு காலையும் ஒன்றாகக் கட்டி, அதே வயரை 13-க்கும் கொண்டு போவோம். வயர் 0-இல் இருந்தால் பி அப்படியே போகும், கூட்டல். 1-இல் வைத்தால் பி தலைகீழாகும், கூடவே 13 வழியாக ஒரு 1 உள்ளே போகும். தலைகீழாக்கி ஒன்று கூட்டு என்பதுதானே மைனஸ் எண்ணை எழுதும் டூஸ் காம்ப்ளிமென்ட்? அந்த "ஒன்று கூட்டு"வுக்கு இன்னொரு ஆடர் வேண்டாம்.

5-இல் 3 கழித்துப் பாருங்கள். 0101, தலைகீழான மூன்று 1100, பிறகு அந்த 1. எல்இடியில் 0010, வெளியே வரும் கேரியைக் காட்டும் கேரி அவுட்டும் எரியும். 3-இல் 5 கழித்தால் 1110, கேரி எரியாது. டூஸ் காம்ப்ளிமென்ட் கணக்கில் அது மைனஸ் இரண்டு. கடன் வாங்கினால்தான் கேரி எரியும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள், இங்கே நேர்மாறு. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்களுக்குப் பிடித்த வைவா கேள்வி இது.

வயர் லூஸ், கிட் பழசு என்று முனகுகிறவர்களிடம் ஸ்டிபிட்ஸைப் பற்றிச் சொல்வேன். 1937-இல் பெல் லேப்ஸ்காரரான அவர், வீட்டுச் சமையலறை மேசையில் ரிலே, டார்ச் பல்பு, புகையிலை டப்பாவில் வெட்டிய தகடு வைத்து ஒரு பிட் ஆடர் செய்தார். கிச்சனில் பிறந்ததால் அதற்கு மாடல் கே என்றே பெயர்.

செவ்வாய்க்கிழமை அதோடு முடிந்திருக்கும். முன் மேசைப் பெண் ஒருத்தி 7-உம் 1-உம் கூட்டிவிட்டு, "1000 வருது சார், மைனஸ் எட்டா?" என்றாள். ஆமாம், நாலு பிட்டில் மைனஸ் 8 முதல் 7 வரைதான். "அப்ப கேரி அவுட் எரிஞ்சு எச்சரிக்க வேணாமா?" எரியாது. ஆனால் மைனஸ் ஒன்றோடு ஒன்று கூட்டினால் 0000 என்று சரியான விடை வரும், அப்போது எரியும். தப்புக்கு இருட்டு, சரிக்கு வெளிச்சம்.

இடது கோடியில் இருக்கிற கடைசி பிட்டுக்குள் போகிற கேரியும் வெளியே வருகிற கேரியும் வேறுபட்டால்தான் ஓவர்ஃப்ளோ, அதாவது விடை நாலு பிட்டில் அடங்கவில்லை என்று போர்டில் எழுதினேன். அவள் பின் படத்தில் விரலை ஓட்டினாள். "உள்ள போற கேரி எந்தப் பின் சார்?"

எந்தப் பின்னும் இல்லை. அது உள்ளேயே இருக்கிறது. அதைப் பிடிக்கக் கடைசி ஏ, கடைசி பி, கடைசி விடை மூன்றையும் எக்ஸார் செய்ய வேண்டும், பிறகு கேரி அவுட்டோடு இன்னொரு எக்ஸார். மொத்தம் மூன்று கேட். முதல் 7486-இல் நாலு கேட்டும் ஏற்கெனவே வேலையில் இருந்தன. இரண்டாவது ஒன்று எடுத்துக் கொடுத்தேன்.

"வெளிய குடுத்திருக்கலாமே, கஞ்சத்தனம்" என்றவள், தானே எண்ணினாள். இன்புட் எட்டு, விடை நாலு, கேரி இரண்டு, பவர் இரண்டு.

"பதினாறும் போச்சு சார்" என்றாள்.